பெயின்ட்டா, தெர்மோவா: ரோட்டுக் கோடு எத்தனை நாள் நிற்கும்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். கொண்டப்பநாயக்கன்பட்டிப் பக்கம், மலை அடிவாரத்தில் உங்கள் லேஅவுட். உள்ளே 600 மீட்டர் ரோடு. கேட்டிலிருந்து 80 மீட்டர் சிமென்ட், மீதி தார். போன வருடம் சங்கத்தில் காசு போட்டு ஓரக் கோடும் ஸ்பீடு பிரேக்கர் பட்டையும் பெயின்ட்டில் போட்டீர்கள். கேட் பக்கம் நாலே மாதத்தில் அழிந்துவிட்டது. இப்போது ஒரு கான்ட்ராக்டர் தெர்மோபிளாஸ்டிக்கில் போடச் சொல்லி நாலு மடங்கு விலை கேட்கிறார். சங்கத்திலோ, ‘ஏற்காடு மலை ரோட்டில் போட்ட தெர்மோவே ஒரு மழைக்குப் பிறகு காணோம், நமக்கு எதற்கு நாலு மடங்கு?’ என்கிறார்கள்.

இதில் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. எந்தச் சரக்கு அதிக நாள் நிற்கும் என்பது ஒன்று. உங்கள் ரோட்டில் எந்த இடத்துக்கு எது கட்டுப்படியாகும் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதுக்குத்தான் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும். நான் 22 வருடமாக சேலம், தருமபுரி, நாமக்கல் பக்கம் கோடு போடும் வேலையில் இருக்கிறேன். பாய்லர் கிளறும் ஆளாகச் சேர்ந்து சூப்பர்வைசர் ஆனவன். இன்ஜினியரிங் படித்தவன் இல்லை. சரக்கின் ரசாயனம் பற்றிச் சொல்வதெல்லாம் கேட்டுக் கற்றது, ரோட்டில் நடந்தது பற்றிச் சொல்வது கண்ணால் பார்த்தது. அந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

பெயின்ட் என்பது கரைப்பானிலோ தண்ணீரிலோ கரைந்திருக்கும் சரக்கு. ஈரமாகப் போடும்போது அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. காய்ந்தால் அதிலும் பாதி பறந்துவிடும். தெர்மோ அப்படியில்லை. பிசின், வெள்ளை நிறமி, சுண்ணாம்புத் தூள், கண்ணாடி மணி எல்லாம் கலந்து பொடியாக 25 கிலோ மூட்டையில் வரும். பாய்லரில் கொட்டி 180, 200 டிகிரிக்குச் சூடாக்கினால் கூழாகும். அதை ரோட்டில் இழுத்தால் சில நிமிடத்தில் கல்லாகிவிடும். பறந்து போக அதில் எதுவும் இல்லாததால், போட்ட கனம் அப்படியே நிற்கும். நெடுஞ்சாலை வேலைக்கு மத்திய அமைச்சகத்தின் விவரக்குறிப்பு கேட்பது 2.5 மில்லிமீட்டர். அதாவது பெயின்ட்டைப்போல் பத்து மடங்கு கனம். சூட்டில் தாரையும் லேசாக இளக்கி அதோடு ஒன்றாகப் பிடித்துக்கொள்வது அதன் இன்னொரு பலம். ஆகவே, சக்கரம் ஏறுகிற இடத்தில் தெர்மோ பெயின்ட்டைவிட அதிக நாள் நிற்குமா என்றால் நிற்கும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எத்தனை நாள் என்பதில்தான் யாரும் உறுதி தர முடியாது. வண்டி ஓடும் தார் ரோட்டில் பெயின்ட் மூன்று மாதத்திலிருந்து ஒரு வருடம், தெர்மோ இரண்டிலிருந்து நாலு வருடம் என்பது என் அனுபவம். ஆனால் இரண்டு பக்கமும் இதைத் தாண்டிப் பார்த்திருக்கிறேன். பைபாஸில் ஓரக் கோடு ஐந்து வருடம் வெள்ளையாக நின்றதும் உண்டு, அதே மூட்டைச் சரக்கு மலையில் ஒரே வாரத்தில் பெயர்ந்ததும் உண்டு.

அந்த மலைக் கதையைச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் சங்கத்தார் சொல்வது பொய் இல்லை. மே மாதம், கோடை விழா நெருங்கும் நேரம். பத்து நாளைக்குள் முடிக்க வேண்டும் என்று வேலை கொடுத்தவர்கள் நெருக்கினார்கள். முந்தின நாள் சாயங்காலம் மலையில் கோடை மழை. காலை எட்டு மணிக்கு நடுப் பகுதி வளைவுகள் ஒன்றில் நின்று பார்த்தால் ரோடு காய்ந்துதான் இருந்தது. கையை வைத்துப் பார்த்தேன், ஈரம் தெரியவில்லை. இழுத்தோம். கோட்டில் சின்னச் சின்னக் கொப்புளம், ஊசி குத்திய மாதிரி ஓட்டைகள். மேலே காய்ந்த தாருக்குள்ளே ஜல்லி இடுக்கில் ஈரம் இருந்திருக்கிறது. 200 டிகிரி சரக்கு பட்டதும் அது ஆவியாகி, அடியிலிருந்து கோட்டைத் தூக்கிவிட்டது. ஒரு வாரத்தில் அந்த வளைவில் கோடு அப்பளம் மாதிரி நொறுங்கிக் கிடந்தது. எவ்வளவு அவசரப்படுத்தினாலும் அன்று நான் பதினோரு மணி வரை காத்திருந்திருக்க வேண்டும். இப்போதெல்லாம் ஒரு அடி பிளாஸ்டிக் ஷீட்டை ரோட்டில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டிக் கால் மணி நேரம் விடுகிறேன். உள்பக்கம் வியர்த்தால் அன்று அந்த இடத்தில் வேலை இல்லை.

பெயர்ந்த கோட்டில் ஒரு துண்டைப் பொறுக்கித் திருப்பிப் பாருங்கள், யார் மேல் குற்றம் என்று தெரிந்துவிடும். பின்பக்கம் தாரும் பொடி ஜல்லியும் ஒட்டி வந்திருந்தால் கோடு நன்றாகத்தான் பிடித்திருக்கிறது, தோற்றது ரோடு. செம்மண் ஒட்டியிருந்தால் கூட்டாமல் போட்டிருக்கிறார்கள். எதுவும் ஒட்டாமல் வழவழவென்று இருந்தால் சரக்கில் சூடு போதவில்லை. தேன்கூடு மாதிரி ஓட்டை இருந்தால் ஈரம். ஏற்காடு ரோட்டில் இந்த நாலையும் நான் பொறுக்கியிருக்கிறேன்.

ஈரம் போக மலையில் இன்னொன்று, வளைவு. சேலத்திலிருந்து ஏறும்போது 20 கொண்டை ஊசி வளைவுகள். பஸ் திரும்பும்போது பின் சக்கரம் முன் சக்கரத்தின் தடத்திலேயே வராது, உள்பக்கமாக வெட்டி வரும். அதைச் சமாளிக்க டிரைவர் அகலமாக எடுப்பார், நடுக்கோட்டின் மேல் ஏறித்தான் ஆக வேண்டும். நேர் ரோட்டில் டயர் கோட்டின் மேல் உருண்டு போகிறது. இங்கே அழுத்தித் திருகிக்கொண்டு போகிறது. இறங்கும் வண்டி பிரேக் பிடித்தபடி திருகும். அதனால் ஒரே நாளில் போட்ட கோட்டில் வளைவு மட்டும் வழுக்கையாகி, இரண்டு வளைவுக்கு நடுவே நேராக இருக்கும் பகுதி பளிச்சென்று இருப்பதைப் பார்க்கலாம். அடுத்த முறை போகும்போது கவனியுங்கள். அப்புறம் மண். மழையில் மேட்டுப் பக்கத்திலிருந்து செம்மண் கரைந்து ரோட்டின் குறுக்கே ஓடும். கோடு ‘காணோம்’ என்று நினைக்கும் பல இடங்களில் அது சேற்றுக்கு அடியில் உயிரோடு இருக்கும். துடைப்பமும் தண்ணீரும் போதும். இன்னும் சில இடங்களில் பள்ளம் அடைத்த தார் ஒட்டு கோட்டையும் சேர்த்து மூடியிருக்கும். எந்தச் சரக்கானாலும் அடியில் இருக்கும் தாரைவிட அதிக நாள் வாழாது.

சரி, இதுவரை பகல் கோட்டைப் பற்றிப் பேசினோம். ராத்திரி கோடு வேறு. வெள்ளை நிறம் மட்டும் இருந்தால் ஹெட்லைட் வெளிச்சம் பட்டு முன்னால் சிதறிப் போய்விடும், டிரைவர் கண்ணுக்குத் திரும்பி வராது. திருப்பி அனுப்புவது கண்ணாடி மணி, எங்கள் பாஷையில் பீட்ஸ். நம் ஊர் ஜவ்வரிசியைப் பல மடங்கு சுருக்கினால் எப்படியோ அப்படி, ரவை மாதிரிப் பொடி. கோடு இளகியிருக்கும்போதே மேலே தூவ வேண்டும், சதுர மீட்டருக்குக் கால் கிலோ. அதிரசத்தின் மேல் எள் பதிகிற மாதிரி பாதிக்குமேல் புதைந்து மீதி வெளியே தெரிய வேண்டும். சரக்கு ரொம்பச் சூடாக இருந்தால் மணி முங்கிவிடும், கோடு ராத்திரியில் செத்த கோடு. ஆறிய பிறகு தூவினால் மேலே உட்கார்ந்திருக்கும், முதல் வாரமே டயர் துடைத்துக்கொண்டு போய்விடும். தெர்மோவின் உள்ளேயும் மணி கலந்திருக்க வேண்டும், விவரக்குறிப்பின்படி 30 சதவீதமாவது. மேல் மணி தேய்ந்து போகப் போக உள்ளே இருப்பது வெளிப்பட்டு வேலை செய்யும். இந்த உள் மணியில் கை வைத்த சரக்குதான் பகலில் கல்யாண வீட்டுச் சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, ராத்திரியில் ஒன்றுமில்லாமல் இருக்கும். பெயின்ட்டில் அந்த மிச்ச இருப்பே கிடையாது. மேலே தூவியது போனால் போனதுதான்.

இதைச் சோதிக்கக் கருவி வேண்டாம். சாயங்காலம் வெயில் சாய்ந்திருக்கும்போது சூரியனுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். உங்கள் தலையின் நிழல் கோட்டின் மேல் விழும்படி தள்ளி நின்றால், நிழலைச் சுற்றிக் கோடு தனியாக மினுங்கும். மினுங்கினால் மணி இருக்கிறது. ராத்திரியில் என்றால் போன் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில், கன்னத்தோடு ஒட்டிப் பிடித்து, பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளியிருக்கும் கோட்டைப் பாருங்கள். டார்ச்சை இடுப்புக்கு இறக்கினால் மங்க வேண்டும், மறுபடி கண்ணுக்குப் பக்கம் கொண்டுவந்தால் பளிச்சிட வேண்டும். மழை ராத்திரியில் மட்டும் இந்தச் சோதனை செல்லாது. தண்ணீர் மணிகளை மூடிவிட்டால் நல்ல கோடும் ஒளிராது. அதற்காகத்தான் மேடு மேடாகத் துருத்தி நிற்கும் கோடும், ரோட்டில் பதிக்கும் ஒளிரும் ஸ்டட்களும் வந்தன. மூடுபனி இன்னும் மோசம். ஏற்காட்டுப் பனியில் மணி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வண்டிக்கு முன்னால் சில அடி வரைதான் கோடு துணைக்கு வரும்.

விலைக்கு வருவோம். ரேட்டை நான் சொன்னால் அடுத்த மாதமே பொய்யாகிவிடும். உங்கள் கொட்டேஷனையே எடுத்துக்கொள்வோம்: பெயின்ட் ஒரு பங்கு, தெர்மோ நாலு பங்கு. கேட் பக்கம் பெயின்ட் நாலு மாதம் நின்றது என்றீர்கள். அப்படியானால் தெர்மோ 16 மாதம் நின்றாலே இரண்டும் சமம். அதற்குமேல் நிற்கிற ஒவ்வொரு மாதமும் உங்களுக்கு லாபம். ஒழுங்காகப் போட்டால் அந்த இடத்தில் இரண்டு, இரண்டரை வருடம் எதிர்பார்க்கலாம், ஆகவே அங்கே தெர்மோதான் சிக்கனம். உள்ரோட்டு ஓரக் கோட்டில் என்ன ஆச்சு என்று நீங்கள் எழுதவில்லை. அங்கே அழிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்; ஓரத்தில் யார் சக்கரம் ஏறப் போகிறது? அங்கே பெயின்ட் இரண்டு வருடம் நின்றால், தெர்மோ எட்டு வருடம் நின்றால்தான் காசு திரும்பும். எட்டு வருடத்துக்குள் அந்த ரோட்டுக்கு மறுபடி தார் போடாமல் இருப்பீர்களா? குடிநீர்க் குழாய்க்கும் கேபிளுக்கும் யாரும் வெட்டாமல் இருப்பார்களா? நாலு மடங்கு காசைக் கொண்டுபோய்ப் பள்ளத்தில் போடுவதற்குச் சமம்.

இன்னொரு செலவை யாரும் கொட்டேஷனில் பிரித்துக் காட்ட மாட்டார்கள். தெர்மோ போட வேண்டுமென்றால் பாய்லர் வண்டி, கேஸ் சிலிண்டர், ஐந்தாறு ஆட்கள் வந்து இறங்க வேண்டும். 20 சதுர மீட்டர் போட்டாலும் 200 போட்டாலும் வந்து இறங்கும் செலவு கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் சின்ன வேலைக்கு ரேட் ஏறும். பக்கத்தில் எங்காவது கோடு போடும் வேலை நடக்கிறபோது அந்த ஆட்களையே அரை நாளுக்குக் கேட்டுப் பாருங்கள், விலை இறங்கும். பக்கத்து லேஅவுட்டோடு சேர்ந்து போட்டாலும் சரி.

உங்கள் கேட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது: அது சிமென்ட். தாரில் பிடிக்கிற மாதிரி தெர்மோ சிமென்ட்டில் தானாகப் பிடிக்காது, பிரைமர் அடித்தே ஆக வேண்டும். அதற்கு முன் மேலே இருக்கும் சிமென்ட் பால் படலத்தைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து எடுக்க வேண்டும். நான் பார்த்த லேஅவுட் வேலைகளில் பாதியில் இதைச் செய்வதில்லை. தகடு தகடாகக் கழன்று வருவது அதனால்தான். கொட்டேஷனில் பிரைமர் என்ற வார்த்தை இல்லையென்றால் முதலில் அதைக் கேளுங்கள். போன வருடம் உங்களுக்கு அடித்தது ரோட்டுப் பெயின்ட்தானா என்றும் எனக்குச் சந்தேகம். ஹார்டுவேர் கடை எனாமலை ரோட்டில் அடிக்கிறவர்கள் நிறைய. பளபளப்பாக இருக்கும், மழையில் பைக் வழுக்கும், தோல் தோலாக உரியும். டப்பாவைப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் விசாரியுங்கள். நாலு மாதத்தில் போனதற்குக் காரணம் அதுவாகவே இருக்கலாம்.

ஆக, உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்படிச் செய்வேன். உள்ரோட்டுக்கு நடுக்கோடே வேண்டாம்; அவ்வளவு அகலம் இல்லாத ரோட்டில் அதற்கு வேலையும் இல்லை. போடாத கோட்டுக்குப் பராமரிப்பும் இல்லை. ஓரக் கோட்டை வளைவிலும் சாக்கடை ஓரத்திலும் மட்டும் நல்ல ரோட்டுப் பெயின்ட்டில், பீட்ஸ் தூவி. ஸ்பீடு பிரேக்கர் பட்டை, கேட் முன்னால் நிற்கும் கோடு, குழந்தைகள் பஸ் ஏறும் இடத்து ஜீப்ரா, இவை மூன்றும் தெர்மோ. மொத்தப் பரப்பில் இது கொஞ்சம்தான் வரும். ஜீப்ராவில் மட்டும் கவனம்: பழைய பட்டையின் மேலேயே திரும்பத் திரும்பப் போட்டு ஐந்து, ஆறு மில்லிமீட்டர் ஏற்றிவிடாதீர்கள். பைக்குக்கு அது ஈரத்தில் சோப்பு, பட்டைக்கு நடுவே தண்ணீரும் தேங்கும்.

‘கோல்டு பிளாஸ்டிக்’ பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். பாய்லர் இல்லாமல், இரண்டு பொருளைக் கலந்தால் தானாக இறுகும் சரக்கு. ஐரோப்பாவில் நிறையப் போடுகிறார்கள். வெயிலுக்கு இளகாது என்பது அதன் பெரிய பலம். நம்ம ஊர் சித்திரை வெயிலில் மட்டமான தெர்மோ லேசாக இளகி டயர் கறுப்பை எல்லாம் வாங்கிக்கொள்ளும், இது வாங்காது. விலை தெர்மோவைவிட நன்றாகவே அதிகம். நான் இரண்டே இடத்தில் போட்டிருக்கிறேன், இரண்டும் இன்னும் நன்றாக இருக்கின்றன. ஆனால் இரண்டை வைத்து ஒரு சரக்கைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது. உங்கள் அளவு வேலைக்கு அது தேவையில்லை என்பது மட்டும் நிச்சயம்.

போடும் காலம் பிப்ரவரி, மார்ச். அடிவாரத்தில் காலைப் பனி விலகிய பிறகு ஆரம்பிக்கச் சொல்லுங்கள். புதிதாகத் தார் போட்டிருந்தால் சில வாரம் ஆறட்டும். எண்ணெய்ப் பசை மேலே வந்து வெள்ளையைப் பழுப்பாக்கிவிடும். அன்றைக்கு சங்கத்தில் ஒருவர் கூடவே நின்று மூட்டையை எண்ண வேண்டும். தெர்மோவின் எடை தண்ணீரைவிட இரண்டு மடங்கு என்று வைத்துக்கொண்டால், 2.5 மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு சதுர மீட்டருக்கு ஐந்து கிலோ. ஒரு 25 கிலோ மூட்டை ஐந்து சதுர மீட்டர், அதாவது 10 சென்டிமீட்டர் அகலக் கோட்டில் 50 மீட்டர். ஒரு மூட்டையில் 80 மீட்டர் ஓடிவிட்டதென்றால் உங்களுக்குக் கிடைத்தது ஒன்றரை மில்லிமீட்டர்தான். காலி மூட்டைகளை எடுத்துப் போக விடாமல் ஒரு ஓரமாக அடுக்கி வையுங்கள். பாய்லருக்குள் நேற்றைய மிச்சம் இருக்கிறதா என்றும் எட்டிப் பாருங்கள். திரும்பத் திரும்பச் சூடாக்கிய சரக்கு பால்கோவா நிறத்துக்குப் போய்விடும், அது மறுபடி வெளுக்காது, பிடிப்பும் இருக்காது.

கடைசியாக, பட்டி பார்க்கும் தகடு ஒன்றைக் கையில் வைத்திருங்கள். தார்ப் பகுதியில் முதல் பட்டை போட்டு ஆறியதும், ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு நெம்பி எடுங்கள். அடியில் தார் ஒட்டிக்கொண்டு வந்தால் மேற்கொண்டு போடச் சொல்லலாம். சிமென்ட் பகுதியில் சுலபமாகப் பெயர்ந்து வரவே கூடாது. வழவழவென்று வந்தால் அங்கேயே நிறுத்திச் சூட்டையும் பிரைமரையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். மேஸ்திரி முகம் சுளிப்பார், நானும் சுளித்திருக்கிறேன். ஆனால் அந்த ஒரு விரல் இடத்தைத் திரும்ப அடைத்துக் கொடுக்க அவருக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது.